சம்பந்தியம்மாவின் சில்லறை

ஆவடி,
9-2-2025

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா கோமளா அவர்களுக்கு,

வேலுசாமி எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். எனக்கும் விருப்பமில்லை. பிள்ளைகள் போட்ட உத்தரவு. புதன்கிழமை நாம் போனில் பேசியதை இங்கே பிரசன்னா கேட்டிருக்கிறான், அங்கே ரோஷினி கேட்டிருக்கிறாள். "கல்யாணம் முடியற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசவே கூடாது. சொல்ல வேண்டியத எழுதிப் போடுங்க. எழுதி முடிக்கறதுக்குள்ள கோபம் ஆறிடும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான் என் மகன். எனக்கு ஆறிவிட்டது. உங்களுக்கும் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். நிச்சயதார்த்தத்தன்று பரிசத் தட்டில் ஐயாயிரத்து ஒரு ரூபாய் வைத்தோம். கடைசி நிமிடத்தில் அந்த ஒரு ரூபாய் நாணயத்துக்கு வீடே அலைந்தது. என் மனைவி ராதிகா என் மேசை மேலிருந்து ஒன்றை எடுத்து வைத்துவிட்டாள். அது செலவு செய்கிற காசு அல்ல. நான் முப்பது வருடமாக நாணயம் சேர்க்கிறேன். அது அச்சில் கோணலாக விழுந்த காசு. 1997இல் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் மீதியாக வந்தது. தொழிற்சாலையில் நான் ஆய்வுப் பிரிவு. ஒரு நூல் கோணல் இருந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவன். கோணலாக இருப்பதற்காகவே நான் பத்திரப்படுத்திய ஒரே பொருள் அதுதான்.

போனில் நான் "அந்த ஒரு ரூபாய் உங்களுக்குப் பிரயோஜனப்படாது" என்றுதான் சொன்னேன். நீங்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். சொன்ன விதம் சரியில்லை என்கிறாள் ராதிகா. இருக்கலாம்.

இத்துடன் புத்தம்புது ஒரு ரூபாய் ஒன்று வைத்திருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு அதைக் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். விரல் ரேகை முகத்தில் படக் கூடாது. தயவுசெய்து கழுவ வேண்டாம்.

இப்படிக்கு,
வே. வேலுசாமி

---

குமணன்சாவடி,
13-2-2025

சம்பந்தி அவர்களுக்கு கோமளா எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. அதற்குள் இருந்த ஒரு ரூபாயும் வந்தது. தபால்காரர் உறையைக் குலுக்கிப் பார்த்து, "இன்னாக்கா, மொய் தபால்ல வருது?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. எழுத எழுத ஏறுகிறது. பிள்ளைகள் கணக்குத் தப்பு.

தட்டில் வைத்த காசைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் உங்கள் கரூர்ப் பக்கம் உண்டோ என்னவோ, பூந்தமல்லிப் பக்கம் கிடையாது. ரோஷினியின் பெரியப்பா காதில் விழுந்தால் நாளைக்கே சோழி குலுக்கிக் குறி கேட்கப் போய்விடுவார். ரோஷினியின் அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. இந்த ஜெராக்ஸ் கடையை வைத்து ஒரு பெண்ணைப் படிக்கவைத்து வேலைக்கும் அனுப்பியவள் நான். ஒரு ரூபாய்க்காக ஒருவர் எனக்குப் போன் போட்டது இதுதான் முதல் தடவை.

இன்னொன்று. கழுவ வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று சாயங்காலமே கழுவிவிட்டேன். சாமிக்கு வைக்கிற காசை அழுக்கோடு வைப்பார்களா? புளி போட்டு, சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். போதாதென்று பாத்திரம் தேய்க்கிற கம்பியாலும் ஒரு தேய்ப்பு. பிறகு மஞ்சள் குங்குமம் வைத்துப் பூஜைத் தட்டில் போட்டேன். அந்தத் தட்டில் ஏற்கெனவே பத்து ஒரு ரூபாய்க் காசு இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்தே தேய்த்தேன். இப்போது பதினொன்றும் மின்னுகின்றன. பதினொன்றிலும் ஒன்று என்றுதான் போட்டிருக்கிறது. எது உங்களுடையது என்று ஆண்டவனுக்கே தெரியாது.

கோமளா

---

ஆவடி,
17-2-2025

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டேன். "கம்பியாலும் ஒரு தேய்ப்பு" என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பழைய காசின் மேல் படிந்திருப்பது அழுக்கு இல்லை, அம்மா. அது அதன் வயது. தேய்த்தால் பளபளப்பு வரும், கூடவே கீறலும் வரும். சேர்க்கிறவன் அதற்குப் பிறகு அதைத் திரும்பிப் பார்க்க மாட்டான். புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் முதல் வாரத்தில் செய்வது இந்தத் தேய்ப்புத்தான். நீங்கள் பொழுதுபோக்குக்கே வராமல் செய்துவிட்டீர்கள்.

போகட்டும். கீறலோடாவது எனக்கு வேண்டும். கண்டுபிடிக்கும் முறை சொல்கிறேன். சிங்க முகம் உங்களைப் பார்த்து நேராக நிற்கும்படி காசை மேலும் கீழுமாக இரண்டு விரலால் பிடியுங்கள். புத்தகத்தில் பக்கம் திருப்புவது போலத் திருப்புங்கள். நல்ல காசாக இருந்தால் பின்பக்கத்து ஒன்றும் நேராகவே நிற்கும். என்னுடையதில் அந்த ஒன்று சாய்ந்து நிற்கும், சைடு ஸ்டாண்டு போட்ட ஸ்கூட்டர் மாதிரி. வருடம் 1995. வருடத்துக்குக் கீழே பொடிப் புள்ளியோ நட்சத்திரமோ இருந்தால் அது என்னுடையது அல்ல.

பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. சூரிய வெளிச்சத்தில் பார்க்கவும். கீழே துணி விரித்துக்கொள்ளவும், நழுவினால் தரையில் விழாது. பெரியப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

வே. வேலுசாமி

---

குமணன்சாவடி,
22-2-2025

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கரைச்சல் தாங்காமல் பார்த்தேன். பதினொன்றையும் திருப்பினேன். எல்லாம் நேராக நிற்கின்றன. உங்கள் ஸ்கூட்டர் இங்கே இல்லை.

பிறகு ஒரு சந்தேகம் வந்தது. தட்டுக் காசைப் பூஜைக்கு எடுத்து வைத்தேனா, கடை டிராயரில் போட்டேனா? அதனால் டிராயரையும் கொட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஜெராக்ஸ் இரண்டு ரூபாய். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆதார் கார்டு, மார்க் ஷீட்டு என்று எடுத்துவிட்டுச் சில்லறையாகத்தான் கொடுக்கும். எத்தனை வருடமாகக் கையில் வாங்கிப் போட்டிருக்கிறேன், ஒன்றையும் திருப்பிப் பார்த்ததில்லை.

ஒரு ரூபாய் எதுவும் சாயவில்லை. ஆனால் இரண்டு ரூபாயில் ஒன்று சாய்கிறது! நன்றாகவே சாய்கிறது. தலைகீழாக நிற்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நான் "ஐயோ" என்று கத்தியதில் பான் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் தன் பான் கார்டில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டார்.

நீங்கள் சொன்ன நட்சத்திரம், புள்ளி எல்லாமும் பார்த்தேன். சிலதில் டைமண்டு மாதிரி ஒன்று கீது. (மன்னிக்கவும், அவசரத்தில் பேச்சு வந்துவிட்டது.) சிலதில் ஒன்றுமே இல்லை. அதெல்லாம் என்ன? எனக்கு அதில் ஒன்றும் ஆர்வமில்லை, சும்மா கேட்கிறேன்.

கடை வாசலில் ஒட்டியிருந்த ஸ்கேன் அட்டையை நேற்று எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். "இன்னாக்கா, ஊரே ஸ்கேன் பண்ணுன்னுது, நீ மட்டும் சில்லறை கேக்குற?" என்று பக்கத்துப் பூக்கடை ரேஷ்மா கேட்கிறாள். மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கோமளா

---

ஆவடி,
1-3-2025

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா,

கேள்விக்குப் பதில். நட்சத்திரம் ஹைதராபாத்தில் அடித்தது. புள்ளி நொய்டா. டைமண்டு மும்பை. ஒன்றுமில்லாதது கொல்கத்தா. நாலு ஊர், வருடா வருடம். ஒரே இரண்டு ரூபாயை இப்படிப் பிரித்துச் சேர்த்தாலே ஆயுசுக்கும் வேலை இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: கடைக்குப் போய் வாங்காதே, கையில் வருவதில் தொடங்கு. எல்லாவற்றையும் சேர்க்காதே, ஒன்றைப் பிடி. காசு வாங்குவதற்கு முன்னால் காசைப் பற்றிய புத்தகம் ஒன்று வாங்கு. மெத்தென்று வாசனையடிக்கிற பிளாஸ்டிக் உறையில் போடாதே, நாலு வருடத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று அன்றன்றே எழுதிவை. போனில் வருகிற வீடியோவில் ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம் என்பான், முன்பணம் கட்டு என்பான். அந்தப் பக்கமே போகாதே.

உங்களிடம் இருக்கும் அந்த இரண்டு ரூபாயைப் பற்றி. முப்பது வருடத்தில் அவ்வளவு சாய்ந்த ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆரம்பநிலையில் இருப்பவர்களிடம் இப்படிப்பட்டவை இருப்பது பாதுகாப்பல்ல. என்னிடம் கொடுத்துவைத்தால் முறைப்படி பராமரிப்பேன்.

நாணயக் கண்காட்சிகளுக்குப் போகும்போது கையில் குடிநீர் வைத்துக்கொள்வது நல்லது.

மேலும் ஒரு சிறு தகவல். நேற்று என் வெர்னியர் பெட்டியைத் திறந்தேன். ஜனவரியில் விட்டம் அளக்க எடுத்த அந்த ஒரு ரூபாய் அதற்குள்ளேயே இருந்தது. ராதிகா தட்டில் வைத்தது வேறு சாதாரணக் காசு என்று தெரிகிறது. எனவே அந்த விஷயத்தை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

வே. வேலுசாமி

---

குமணன்சாவடி,
6-3-2025

சம்பந்தி அவர்களுக்கு,

சிறு தகவலா?

ஒரு மாதம். பதினொரு காசு. கடைக்கு வந்தவரைக் காக்கவைத்து டிராயரைக் கவிழ்த்தேன். சாமியிடம் போய், உன் தட்டில் கை வைக்கிறேன், மன்னித்துக்கொள் என்று கற்பூரம் ஏற்றினேன். நீங்கள் குடிநீருக்குக் கீழே, கடிதத்தின் கால்மாட்டில், "முடித்துக்கொள்ளலாம்" என்கிறீர்கள். போன் மட்டும் இருந்திருந்தால்! அன்றைய கோபத்தில் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். எடுக்கிற வழி தெரியவில்லை. ரோஷினியைக் கேட்டால், "நல்லதுதான்மா, அப்டியே இருக்கட்டும்" என்கிறாள்.

என் இரண்டு ரூபாய் என்னிடமே இருக்கும். நான் ஆரம்பநிலைதான். ஆனால் என்னுடையது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஹைதராபாத் 2003 உங்களிடம் இரண்டு இருந்தால் சொல்லவும்.

கோமளா

---

குமணன்சாவடி,
25-3-2025

சம்பந்தி அவர்களுக்கு,

2003 வந்தது. பதிலுக்கு நொய்டா அனுப்பியிருக்கிறேன். ராதிகாம்மா கொடுத்தனுப்பிய முறுக்கும் வந்தது.

சும்மா ஒன்று கேட்கிறேன். யாருக்காகவும் இல்லை. ஆஞ்சநேயர் படம் போட்ட செப்புக் காசு, பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818. பக்கத்தில் அரிசியைக் கொண்டுபோனால் இழுக்குமாம். உங்களைப் போல் வெகுநாள் சேர்க்கிற ஒருவருக்கு அப்படி ஒன்றைக் கொடுத்தால் சந்தோஷப்படுவாரா? பொதுவாகக் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குள் பதில் தெரிந்தால் நல்லது.

கோமளா

---

குமணன்சாவடி,
30-3-2025

சம்பந்தி அவர்களுக்கு,

இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

நான் கேட்டது கடிதத்தில் ஒரு பதில். நீங்கள் ஆவடியிலிருந்து பஸ் பிடித்து, தொழிற்சாலை உடுப்போடு, கையில் டிபன் டப்பாவோடு வந்து நின்றீர்கள். வாய்க்கு வந்ததைப் பேசுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அந்தக் காசை விற்க வந்த ஆளிடம், "இந்த அரிசி இழுக்குமாங்க பாருங்க" என்று மட்டும் சொல்லி, டப்பாவிலிருந்த ரேஷன் அரிசியை என் ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடி மேல் கொட்டினீர்கள். அவன் காசைக் கிட்டே கொண்டுபோனான். ஒரு மணிகூட அசையவில்லை. அவன் கொண்டுவந்த அரிசி மட்டும் ஓடி ஓடி ஒட்டியதே, அது எப்படி என்று நீங்கள் கேட்டபோது அவன் முகம் போன போக்கை மறக்க மாட்டேன். "அம்மா, இது ரேசன் அரிசிமா, இதுக்கு சக்தி கம்மி" என்றானே! ரேஷ்மா பூக்கூடையோடு துரத்தியதில் அவன் ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான். செருப்பு இங்கேதான் இருக்கிறது.

அரிசியும் இங்கேதான் இருக்கிறது. மெஷினுக்குள் போய்விட்டது. நேற்று ஒரு வக்கீல் எடுத்த பத்திர நகலோடு நாலு அரிசி வந்தது. மங்களகரமாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு போனார்.

அவன் கேட்டது பதினெட்டாயிரம். கல்யாணத்துக்கு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்க வைத்திருந்த பணம். அந்தக் காசு உங்களுக்காகத்தான். சம்பந்திக்குச் சீராக மோதிரம் போடுவார்கள். நீங்கள் மோதிரத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுக் காசைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அன்று ஒன்றும் திட்டாமல் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏமாளி என்று நினைத்துக்கொண்டே போயிருப்பீர்கள் என்று இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

கோமளா

---

ஆவடி,
4-4-2025

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம்.

கையில் அரிசியோடு வர வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. 2009இல் திருமுல்லைவாயிலில் ஒரு நண்பர் வீட்டில் வைத்து அதே ஆஞ்சநேயரை நான் வாங்கினேன். பதினாலாயிரம். ஸ்கூட்டருக்கு இன்ஜின் வேலை என்று ராதிகாவிடம் சொன்னேன். அப்போதே பதினான்கு வருடமாகச் சேர்த்துக்கொண்டிருந்தவன் நான். அலமாரியில் புத்தகங்கள் இருந்தன. கம்பெனி அப்படி ஒரு அரை அணா அடித்ததே இல்லை என்று அவற்றில் ஒன்றில் எழுதியும் இருந்தது. புரட்டிப் பார்க்கவில்லை. ஆசை வந்தால் ஆய்வுப் பிரிவெல்லாம் வேலை செய்வதில்லை. வீட்டுக்கு வந்து எங்கள் அரிசிப் பானைக்குள் அதைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ராதிகா, "அரிசில வண்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் நண்பர் அப்துல் ரசாக்குக்குக்கூடத் தெரியாது. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் புதியவர்களுக்குப் போலிகளைப் பற்றி வகுப்பு எடுக்கிறோம்.

நீங்கள் வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்கள். நான் கேட்கவில்லை. எனவே ஆரம்பநிலை என்று நான் முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தண்ணீர் குடிக்காமல் போனது கோபத்தால் அல்ல. தொழிற்சாலையில் இரண்டு மணி நேர அனுமதியில் வந்திருந்தேன்.

குத்துவிளக்கை வாங்கிவிடுங்கள். மோதிரம் வேண்டாம்.

வே. வேலுசாமி

---

குமணன்சாவடி,
11-6-2025

அன்புள்ள சம்பந்திக்கு,

கல்யாணம் முடிந்து மூன்று நாளாகிறது. இனி போனில் பேசலாம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். பிளாக்கையும் எடுத்துக் கொடுத்துவிட்டார் மாப்பிள்ளை. இருந்தாலும் இதைப் போனில் சொல்ல வரவில்லை.

படம் எடுக்க எல்லோரும் மேடை ஏறியபோது நான் ஏன் பந்தி ஹாலில் இருந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. தாலி கட்டியதைத் தூணோரமாக நின்று பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ரோஷினியின் பெரியம்மா காதோடு வந்து, "நீ கொஞ்சம் பின்னால நில்லு கோமு. பொண்ணோட நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள். அன்று போய்ச் சண்டை போடவா? இலை போடுகிற இடத்துக்குப் போய், எண்ணிய இலையையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது நீங்கள் மஞ்சள் பையோடு வந்தீர்கள். "அம்மா, ஒவ்வொரு மொய்க் கவர்லயும் ஒரு ரூபா ஒட்டியிருக்குதுங்க. எரநூறுக்கு மேல இருக்கும். வருசம் பாத்துரலாமா?" என்றீர்கள். எனக்கு அழுகை வருகிற நேரம், சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தோம். ஐம்பது கவர் பார்ப்பதற்குள் உங்கள் அப்துல் ரசாக் பாய் சாப்பிட வந்து, "இவங்க யாரு வேலு?" என்று கேட்டார். நீங்கள் தலையே நிமிராமல், "காசு சேக்கறவங்க" என்றீர்கள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தது போல, "பொண்ணுக்கு அம்மாவும் இவங்கதானுங்க" என்றீர்கள்.

நான் இன்னாரின் சம்சாரமாக இருந்திருக்கிறேன். ரோஷினி அம்மாவாக, ஜெராக்ஸ்காரம்மாவாக இருந்திருக்கிறேன். ஒன்பது வருடமாகச் சிலருக்குப் பின்னால் நிற்க வேண்டியவளாகவும் இருந்திருக்கிறேன். நான் செய்கிற ஒன்றைச் சொல்லி என்னை யாரும் அறிமுகப்படுத்தியதில்லை. பாய் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நொய்டா எவ்ளோ வச்சிருக்கீங்க?" என்று கேட்டாரே, அதற்கு நான் பதில் சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பிறகுதான் என் பெண் பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். "ரெண்டு பேரும் மேல வர்றீங்களா, இல்ல மேடையக் கழட்டி இங்க கொண்டாரச் சொல்லட்டா?" பெரியம்மா நகர்ந்து இடம் விட்டாள். நான் நடுவில் நின்றேன்.

இவ்வளவுதான் சொல்ல நினைத்தது. மீதிக் கவர்களை நீங்கள் தனியாகப் பார்த்துவிட வேண்டாம்.

கோமளா

---

ஆவடி,
2-7-2025

அன்புள்ள சம்பந்தியம்மா,

கவர்களைத் தொடவில்லை. பையை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாயும் வருகிறார். ராதிகா உங்களுக்கு இங்கேதான் சாப்பாடு என்று சொல்லச் சொன்னாள்.

நீங்கள் ஏன் பந்தி ஹாலில் இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, சரி. நான் ஏன் அங்கே வந்தேன் என்று நீங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காசு பார்க்கத்தான் என்று சொல்லியிருப்பேன். கேட்காததால் பொய் சொல்லாமல் தப்பித்தேன்.

கல்யாண ஆல்பம் நேற்று வந்தது. மேடைப் படத்தில் நாம் எல்லோரும் கேட் பாஸுக்குப் படம் எடுக்க நின்ற மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறோம். கடைசிப் பக்கத்தில் இன்னொரு படம் இருக்கிறது. போட்டோகிராபர் நமக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார். வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மொய்க் கவர். அதன் மேல் குனிந்திருக்கும் மூன்று தலைகள். முகம் யாருக்கும் தெரியவில்லை. பின்னால் மணப்பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள்.

இந்தப் படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்துவிடச் சொல்கிறாள் ராதிகா. நான் ஸ்டூடியோவுக்குப் போய், பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்து இரண்டு பிரதி கேட்டிருக்கிறேன்.

வேலுசாமி